வயசானா அப்படித்தான் என்று விட்டுவிடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது, அம்மாவுக்கு 71. இருவரும் முசிறி பக்கம் சொந்த ஊரில் தனியாக இருக்கிறார்கள். நான் கோவையில், அண்ணன் பெங்களூரில். அப்பாவுக்கு இருபது வருஷமாக பிபி, சுகர் இரண்டும் உண்டு. போன மாதம் யூரின் எரிச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பார்லித் தண்ணியும் இளநீரும் நிறையக் குடித்தார். இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் படுத்தே கிடந்தார். ஒரு நாள் ராத்திரி பாத்ரூம் போனவர் படியில் தடுமாறி விழுந்துவிட்டார். காலையில் அம்மாவைப் பார்த்து, இறந்துபோன அவர் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் சோடியம் 118 என்றார்கள். ஐந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது பழையபடி பேப்பர் படிக்கிறார், சீட்டுக் கணக்கு எழுதுகிறார். "வயசானா அப்படித்தான், இனி ஒவ்வொண்ணா வரும்" என்கிறார் அண்ணன். இது மறதிநோயின் ஆரம்பமா? சாப்பாட்டில் உப்பைக் கூட்டலாமா? இருவருக்கும் முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் ஒன்று எடுத்துவிடலாமா? இனி வரக்கூடியவற்றுக்கு நாங்கள் எப்படித் தயாராக இருப்பது? மருந்துச் சீட்டை இணைத்திருக்கிறேன். அம்மா மூட்டுவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். மற்றபடி அவருக்கு ஒன்றும் இல்லை.

– ஒரு வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மனதை அரிக்கிற கேள்விக்கு முதலில் வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அப்பாவுக்கு வந்தது மறதிநோயாகத் தெரியவில்லை. மறதிநோய் இரண்டு மூன்று நாளில் வராது, வந்தால் ஐந்து நாளில் போகவும் போகாது. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல ஏறுகிற நோய் அது. போன வாரம்வரை சீட்டுக் கணக்கை மனக்கணக்காகப் போட்டவர் இன்று காலை மனைவியை அக்கா என்று கூப்பிட்டால், உடம்பில் வேறெங்கோ ஏதோ கெட்டு அது மூளையைக் கலக்குகிறது என்றுதான் நாங்கள் முதலில் சந்தேகப்படுவோம். இதற்கு டெலிரியம் என்று பெயர், திடீர்க் குழப்பநிலை. காலையில் தெளிவாக இருப்பார், பொழுது சாய்ந்ததும் உளறுவார். சிலர் கத்துவார்கள், கையை வீசுவார்கள். சிலர் எதுவும் பேசாமல் சுருண்டு படுத்துக்கொள்வார்கள். இந்த இரண்டாவது வகையைத்தான் வீடுகளில் தவறவிடுகிறார்கள், "பாவம், அசதியா தூங்கறார்" என்று விட்டுவிடுகிறார்கள். அப்பா இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் படுத்துக் கிடந்தாரே, குழப்பம் அப்போதே ஆரம்பித்திருக்கலாம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை இப்படிக் குழம்பியவருக்கு அடுத்த காய்ச்சலிலோ, ஆபரேஷனிலோ மறுபடியும் வர வாய்ப்பு கூடுதல். உள்ளே லேசாக ஒரு மறதிநோய் இருந்தால் இப்படி முதலில் தலைகாட்டுவதும் உண்டு. அதனால் இரண்டு மூன்று மாதம் போகட்டும். உடம்பு முழுக்கத் தேறிய பிறகு ஒரு நினைவாற்றல் சோதனை செய்துகொள்ளட்டும். கேள்வி கேட்பது, கடிகாரம் வரையச் சொல்வது என்று சிறிது நேரத்தில் முடிகிற சோதனைதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு செய்தால் தப்பான பதில் கிடைக்கும்.

சோடியம் ஏன் 118க்கு இறங்கியது? 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது. நீங்கள் அனுப்பிய மருந்துச் சீட்டில் மூன்று மாதத்துக்கு முன்பு பிபி மாத்திரை மாறியிருக்கிறது. புதிய மாத்திரையில் டெல்மிசார்டானுடன் குளோர்தாலிடோன் சேர்ந்திருக்கிறது. குளோர்தாலிடோன் நீர் பிரியவைக்கும் மருந்து, நல்ல மருந்துதான். பிபியை நன்றாகக் குறைக்கும், பலருக்கு வருஷக்கணக்கில் எந்தத் தொந்தரவும் தராது. ஆனால் வயதானவர்களுக்கு, அதிலும் சாப்பாடு குறைந்த நேரத்தில், சோடியத்தைக் கீழே இழுத்துவிடும். மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலும் இப்படி நடக்கலாம், மாதங்கள் கழித்தும் நடக்கலாம்.

அப்பாவுக்கு எல்லாம் ஒரே வாரத்தில் கூடிவிட்டது. யூரின் எரிச்சல், ஒருவேளை தொற்று. அதற்காகச் செம்பு செம்பாகப் பார்லித் தண்ணி. பசியில்லாததால் சோறு, குழம்பு வழியாகப் போகும் உப்பும் போகவில்லை. உள்ளே வெறும் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும். மாத்திரை நீரைப் பிரியவைப்பதுதான் என்றாலும், உப்போடு சேர்த்துத்தான் பிரியவைக்கும், உபரியான வெறும் தண்ணீரைச் சிறுநீரகம் வெளியேற்றுவதைத் தடுத்திருக்கும். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனதும் மூளையின் செல்கள் ஊதத் தொடங்கும். நடை தள்ளாடும், பேச்சு குழறும், ஆள் அடையாளம் தப்பும். இன்னும் இறங்கினால் வலிப்பே வரலாம். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்ததைக் குறை சொல்லாதீர்கள். சோடியத்தை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். அவசரமாக ஏற்றினால் மூளைக்கு வேறு விதமான, திரும்பாத சேதம் வரக்கூடும்.

ஆகவே, உப்பைக் கூட்டாதீர்கள். அவர் பிபிக்காரர். உப்பைக் கூட்டினால் பிபி ஏறும், கால் வீங்கும், இதயத்துக்குச் சுமை. சோடியம் குறைந்ததற்குக் காரணம் உப்புப் போதாமை என்று பல வீடுகளில் நினைத்துக்கொண்டு மோரில் ஒரு கை உப்பைப் போட்டுக் கொடுக்கிறார்கள். காரணம் பெரும்பாலும் மருந்தாகவோ, தொற்றாகவோ, தைராய்டாகவோ, நுரையீரல் கோளாறாகவோ இருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போய் "அந்த நீர் மாத்திரை இன்னும் வேண்டுமா, வேறு மாற்றலாமா?" என்று கேட்பது. டிஸ்சார்ஜ் சீட்டில் அதை நிறுத்தச் சொல்லியிருந்தும் வீட்டில் பழைய அட்டை மிச்சமிருக்கிறதே என்று போட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு. இன்றைக்கே அம்மாவுக்கு போன் போட்டு, அட்டையின் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். இந்த வாரமே ஒருமுறை சோடியம் பார்த்துவிடுங்கள். தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம் என்பதையும் அதே டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். என் அனுபவத்தில் முதியவர்களுக்கு அதிகம் தீங்கு செய்கிற வாக்கியம் "வயசானா அப்படித்தான்" என்பதுதான். வயது ஒரு நோய் இல்லை. வயதானால் நடையில் வேகம் குறையும், பெயர்கள் சட்டென்று நாக்குக்கு வராது, தூக்கம் கலையும். இவை வயது. ஒரு வாரத்துக்குள் நடை மாறினால், சாப்பாடு நின்றால், புத்தி தடுமாறினால், விழுந்தால், துணியில் சிறுநீர் போனால் அதற்கெல்லாம் காரணம் இருக்கும். பல நேரம் சரிசெய்யக்கூடிய காரணங்களாகவே இருக்கும்.

முதுமையில் நோய் வழக்கமான அடையாளத்தோடு வருவதில்லை. நாற்பது வயதுக்காரருக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். எழுபத்தாறு வயது சுகர்க்காரருக்கு வலியே இல்லாமல் வரலாம். "வாயு மாதிரி இருக்கு" என்பார், வேர்க்கும், படியேறினால் மூச்சு வாங்கும், ஒரேயடியாகச் சோர்ந்துபோவார், அவ்வளவுதான். சோடாவும் ஓமத் தண்ணியும் கொடுத்து மணிக்கணக்கை வீணாக்கியபின் கொண்டுவருகிறார்கள். மேல்வயிற்றில் புதிதாக ஒரு சங்கடமும் வேர்வையும் சேர்ந்து வந்தால் முதலில் ஈசிஜி எடுங்கள், வாயு என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நிமோனியா காய்ச்சல் இல்லாமலே வரலாம், மூச்சு வேகமாக இருக்கும், சாப்பாடு வேண்டாம் என்பார், அதுதான் அறிகுறி. சிறுநீர்த் தொற்றிலும் சிலருக்குக் காய்ச்சல் தெரியாது, புத்திதான் தடுமாறும். மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராது. "பசிக்கலை, உடம்பெல்லாம் வலிக்குது, தூக்கமே இல்லை" என்று வரும். துணையை இழந்தவர்கள், பிள்ளைகள் ஊரைவிட்டுப் போனபின் தனித்திருப்பவர்கள் இப்படிச் சொன்னால், சத்து டானிக் வாங்கிக் கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள். மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, எழுபதிலும் எண்பதிலும் பலன் தருகிறது.

அதனால்தான் நோய்களின் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட அப்பாவின் வழக்கத்தைத் தெரிந்துவைப்பது பெரிய தயாரிப்பு என்கிறேன். எத்தனை மணிக்கு எழுகிறார், எத்தனை இட்லி சாப்பிடுகிறார், கடைத்தெரு வரை ஒரே மூச்சில் நடப்பாரா, ராத்திரி எத்தனை முறை எழுந்து போகிறார். வீடியோ காலில் "நல்லா இருக்கீங்களாப்பா?" என்றால் "நல்லா இருக்கேம்மா" என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு பேப்பர்ல என்ன போட்டிருக்கான்?" என்று கேளுங்கள். பேச்சின் ஓட்டத்திலேயே தெரிந்துவிடும். வழக்கத்திலிருந்து இரண்டு நாள் விலகினால் யாராவது ஒருவர் நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும். பக்கத்து வீட்டிலோ, தெருக்கோடியிலோ அந்த ஒருவர் யார் என்பதை இப்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

அப்பா விழுந்ததைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை. தலையில் அடிபட்டதா என்று நீங்கள் சொல்லவில்லை. அவருடைய சீட்டில் ஆஸ்பிரின் இருக்கிறது. வயதானவர்களுக்கு மூளை கொஞ்சம் சுருங்கியிருப்பதால், மேலே உள்ள சிறு ரத்தநாளங்கள் லேசான அடியிலேயே கசியலாம். அந்தக் கசிவு மெல்லச் சேர்ந்து, வாரங்கள் கழித்துத்தான் வெளியே தெரியும். இன்னும் இரண்டு மாதத்துக்குள் விடாத தலைவலி, பகலெல்லாம் தூக்கம், ஒரு பக்கக் கை கால் பலவீனம், மறுபடியும் குழப்பம் இவற்றில் எது வந்தாலும் "சோடியமாத்தான் இருக்கும்" என்று நினைக்காமல் தலைக்கு சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

ஒருமுறை விழுந்தவர் மறுமுறையும் விழக்கூடியவர். ஏன் விழுந்தார் என்று தேடினால் ஒன்றுக்கு நாலு காரணம் கிடைக்கும். அதில் முக்கியமான ஒன்றை நீங்களே வீட்டில் கண்டுபிடிக்கலாம், பிபி மெஷின் இருந்தால் போதும். அப்பாவை ஐந்து நிமிஷம் பேசாமல் படுக்கச் சொல்லி ஒருமுறை பிபி பாருங்கள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லுங்கள், பக்கத்தில் நீங்களும் நில்லுங்கள். ஒரு நிமிஷத்தில் ஒன்று, மூன்றாவது நிமிஷத்தில் ஒன்று எடுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், எழும்போது மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது என்று பொருள். படுத்திருக்கும்போது 140 காட்டுகிறவருக்கு நின்றால் 110 ஆவதுண்டு. ஆஸ்பத்திரிகளில் உட்காரவைத்து மட்டுமே பார்ப்பதால் இது தப்பிவிடுகிறது. பிபி மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, தூக்க மாத்திரை, நாள்பட்ட சுகர், உடம்பில் நீர் வற்றுவது எல்லாமே இதைச் செய்யும். எண்களை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதுவரை, ராத்திரி எழுந்தால் கட்டில் விளிம்பில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து, கணுக்காலை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதற்குப் பெரிய செலவில்லை. கிராமத்து வீடுகளில் பாத்ரூம் பெரும்பாலும் வீட்டுக்குப் பின்னால், ஒரு படி இறங்கி, ஈரத்தரையைத் தாண்டி இருக்கும். உங்கள் வீடும் அப்படித்தான் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. அந்தப் படியின் விளிம்பில் வெள்ளையோ மஞ்சளோ பெயின்ட்டில் ஒரு பட்டை அடித்துவிடுங்கள், மங்கிய கண்ணுக்கும் படி தெரியும். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி முழுக்க ஒரு சிறிய பல்பு எரியட்டும். டாய்லெட்டுக்குப் பக்கத்துச் சுவரில் எஃகுக் கைப்பிடி போடுங்கள், துண்டு மாட்டுகிற கம்பி ஆளின் எடையைத் தாங்காது. உட்கார்ந்து குளிக்க ஒரு உறுதியான பிளாஸ்டிக் நாற்காலி வாங்குங்கள், ஸ்டூல் வேண்டாம். தேய்ந்த ஹவாய் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். ராத்திரி மட்டும் கட்டில் பக்கத்தில் ஒரு சிறுநீர்க் குவளை வைப்பதை அப்பா கூச்சப்பட்டு மறுக்கலாம். "பயணத்துக்கு மாதிரி நினைச்சுக்கோங்கப்பா" என்று சொல்லிப் பாருங்கள்.

விழுந்தபின் எழ முடியாமல், ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் அது பெரும்பாலும் இடுப்பெலும்பு முறிவு. கையைப் பிடித்துத் தூக்கி நடக்கவைக்கப் பார்க்காதீர்கள், 108க்குக் கூப்பிடுங்கள். இங்கேதான் "இந்த வயசுல ஆபரேஷன் எதுக்கு, கட்டுப் போட்டுப் படுக்கவச்சுப் பார்த்துக்கலாம்" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அது பெரும்பாலும் தவறு. மாதக்கணக்கில் படுக்கவைத்தால் படுக்கைப்புண், நிமோனியா, காலில் ரத்தம் உறைவது இவைதான் உயிரை எடுக்கும். ஓரிரு நாளில் ஆபரேஷன் செய்து எழுப்பி நடக்கவைப்பதுதான் பாதுகாப்பு. எண்பது வயதிலும் செய்கிறார்கள்.

அப்புறம், மருந்துப் பை. ஊருக்குப் போகும்போது வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரையையும், ஃபிரிட்ஜ் மேலே இருப்பது, சாமி அலமாரியில் இருப்பது, அப்பாவின் சட்டைப்பையில் இருப்பது உட்பட, ஒரு துணியில் கொட்டுங்கள். கம்பெனி பெயரைப் பார்க்காமல், அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். ஒரே மருந்து இரண்டு வேறு பெயரில் இருக்கும், இரண்டையும் போட்டுக்கொண்டிருப்பார். ஒரு டாக்டர் கொடுத்தது, இன்னொரு டாக்டர் கொடுத்தது, மருந்துக்கடைக்காரர் "இது ஸ்டாக் இல்ல, இதுவும் அதேதான்" என்று கொடுத்தது என எல்லாம் கலந்திருக்கும். அப்பாவின் சீட்டில் ராத்திரி அல்பிரசோலம் இருக்கிறது. தூக்கத்துக்குக் கொடுத்திருப்பார்கள். வயதானவர்களுக்கு இது நடுராத்திரித் தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் கூட்டும். பல மாதம் போட்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது, டாக்டர் சொல்லும் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் தூக்கம் வரவைக்கிற மாத்திரைகள், இருமல் மருந்துகள் இவற்றையும் வீட்டில் வைக்காதீர்கள். புராஸ்டேட் வீங்கியிருக்கும் ஆண்களுக்கு ஒரே டோஸில் சிறுநீர் அடைத்துக்கொண்டு, டியூப் போடவேண்டிய நிலைகூட வரலாம்.

சுகரைப் பொறுத்தவரை, இந்த வயதில் அதிகமாவதைவிடத் திடீரென்று குறைவதுதான் எனக்கு அதிக பயம் தருகிறது. அப்பா எடுத்துக்கொள்வது கிளிமிபிரைடு சேர்ந்த மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சுகர் இறங்கும். குழப்பம், வேர்வை, கைநடுக்கம் வந்தால் உடனே குளூக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், பதினைந்து நிமிஷத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இந்த வகை மாத்திரையால் இறங்கிய சுகர் ஏறிய பிறகும் அன்றைக்குள் மறுபடி இறங்கலாம், அதனால் ஆஸ்பத்திரியில் காட்டத்தான் வேண்டும். "சாப்பிட முடியாத நாளில் எந்த மாத்திரையை விடலாம்?" என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கி, சுவரில் ஒட்டிவையுங்கள். மூன்று மாத சராசரி சுகர், அதாவது ஹெச்பிஏ1சி, இளையவர்களுக்குப் போல 6.5க்குள் இருக்கத் தேவையில்லை. அப்பாவின் நிலையில் இருப்பவருக்கு 7.5 முதல் 8 வரை பெரும்பாலும் போதும். சுகருக்கான மெட்ஃபார்மினை இத்தனை வருஷமாகப் போடுவதால் வைட்டமின் பி12 குறைந்திருக்கலாம். அதுவும் நினைவாற்றலையும் கால் உணர்வையும் கெடுக்கும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

கண், காது இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள். கண்புரை ஆபரேஷன் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே நடக்கிறது. காது மந்தமானால் பேச்சு குறையும், ஆள் ஒதுங்கிவிடுவார். மறதிநோய்க்குத் தடுக்கக்கூடிய காரணங்களில் செவிக்குறையையும் மருத்துவ உலகம் முக்கியமாகச் சேர்த்திருக்கிறது. டிவி சத்தத்தை அப்பா கூட்டிக்கொண்டே போகிறார் என்றால் காதைப் பரிசோதிக்கும் நேரம் வந்துவிட்டது. சாப்பாட்டில் ராத்திரி இரண்டு இட்லியோடு முடித்துக்கொள்ளும் பழக்கம் தசையைக் கரைத்துவிடும். முட்டை, பருப்பு, சுண்டல், தயிர், மீன் என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேளுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி காலை மாலை பத்துப் பத்து முறை. தொடைத் தசைதான் முதுமையில் நம்மைப் பாத்ரூம் வரை கொண்டுபோகிறது. ஃப்ளூ ஊசி வருஷத்துக்கு ஒருமுறை, நிமோனியா ஊசி டாக்டர் சொல்லும்படி, இருவருக்குமே.

பக்கவாதத்துக்கு மட்டும் யாரையும் கேட்டு முடிவெடுக்க நேரமில்லை. வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால், கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு, சிடி ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போய்விட வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும், அதிலும் சீக்கிரம் போட்டால் பலன் அதிகம். உங்கள் ஊரிலிருந்து அப்படிப்பட்ட ஆஸ்பத்திரி எது, ராத்திரி இரண்டு மணிக்கும் ஸ்கேன் எடுப்பார்களா என்பதை இப்போதே விசாரித்துவையுங்கள்.

பேக்கேஜ் பற்றிக் கேட்டீர்கள். அந்தப் பணத்தில் பாத்ரூம் கைப்பிடியும் கண்ணாடியும் வாங்கலாம் என்பது என் கருத்து. எழுபது வயதில் எழுபது பரிசோதனை செய்தால் ஏதாவது இரண்டு மூன்றில் அளவு தப்பியிருக்கிறது என்று நட்சத்திரக் குறி விழும். அதைத் துரத்திக்கொண்டு ஸ்கேன், மறு ஸ்கேன் என்று அலைவீர்கள். ஆனால் நின்றால் பிபி இறங்குகிறதா, காது கேட்கிறதா, நடை எப்படி, மாத்திரைகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று அந்தப் பேக்கேஜில் யாரும் பார்க்க மாட்டார்கள். அப்பாவுக்கு வேண்டியவை சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ஹீமோகுளோபின், ஹெச்பிஏ1சி, பி12, தைராய்டு, யூரின் பரிசோதனை, ஒரு ஈசிஜி. அம்மாவுக்கு இவற்றோடு எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன். முதியோர் நல மருத்துவர் ஒருவரிடம் நிதானமாக ஒருமுறை காட்டிவிட்டால் இன்னும் நல்லது. சென்னை வரும் வாய்ப்பிருந்தால் கிண்டியில் 2024ல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை இதற்கென்றே இருக்கிறது.

உள்ளூரில் பிபி, சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021லிருந்து நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருவர் பெயரும் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். மாத்திரையோடு, அவ்வப்போது ஒரு சுகாதாரப் பணியாளர் வீட்டுப் படியேறுவதே உங்களைப் போல் தூரத்தில் இருப்பவர்களுக்குப் பெரிய பலம். 70 வயது தாண்டியவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் கிடைக்கும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டைக்கும் பதிவு செய்யுங்கள், எந்த ஆஸ்பத்திரியில் ஏற்கிறார்கள் என்பதையும் அவசரத்துக்கு முன்பே கேட்டுவையுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567. ஒரு பிளாஸ்டிக் உறையில் கடைசி டிஸ்சார்ஜ் சீட்டு, இப்போதைய மாத்திரைப் பட்டியல், ஒவ்வாமை விவரம், ரத்த வகை, காப்பீட்டு அட்டை நகல், உங்கள் இருவரின் போன் நம்பர் எல்லாம் போட்டு வாசல் பக்கம் ஆணியில் மாட்டிவிடுங்கள். ராத்திரி ஆம்புலன்ஸில் ஏறும்போது பீரோ சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இதையெல்லாம் நீங்களும் அண்ணனும் மட்டும் பேசி முடிவெடுத்துவிடாதீர்கள். அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள். அவருக்கு இப்போது தெளிவு இருக்கிறது, இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. "படுத்துக்கிட்டா எங்க இருக்கணும்னு நினைக்கிறீங்க? ஐசியூ, மூச்சு மெஷின் எல்லாம் எதுவரை வேணும்?" என்று கேட்பது அபசகுனம் இல்லை. அவர் சொன்னதை எழுதி, சாட்சிகளோடு நோட்டரியிடம் சான்று வாங்கிவைக்க 2023லிருந்து வழி எளிதாகியிருக்கிறது. எழுதாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளைகள் இருவரும் ஒரே நேரத்தில் அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். ஐசியூ வாசலில் அண்ணன் தங்கைகள் சண்டை போடுவதை அடிக்கடி பார்க்கிறேன், பெரும்பாலும் அப்பா என்ன விரும்பினார் என்று யாருக்கும் தெரியாததால் வரும் சண்டைதான்.

கடைசியாக, உங்கள் அம்மா. "மற்றபடி அவருக்கு ஒன்றும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கடையில் வாங்கும் மூட்டுவலி மாத்திரை டைக்ளோஃபினாக் வகையாக இருந்தால் பிபியை ஏற்றும், வயிற்றில் புண் உண்டாக்கும், சத்தமில்லாமல் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேளுங்கள், அப்படியென்றால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். அவருடைய பிபியையும் கிரியாட்டினினையும் அப்பாவோடு சேர்த்து இந்த வாரமே பார்த்துவிடுங்கள். வலிக்கு இப்போதைக்குப் பாராசிட்டமால், அதுவும் டாக்டர் சொல்லும் அளவில். அப்பாவை ராத்திரி எழுந்து பாத்ரூமுக்கு அழைத்துப் போகிறவரும் அவர்தான். 71 வயதில், மூட்டுவலியோடு, தூக்கம் கெட்டு அவர் இதைச் செய்துகொண்டிருக்கிறார். ராத்திரிக்கு உதவியாக யாரையாவது வைக்க முடியுமா, மாதத்தில் ஒரு வாரம் நீங்களும் ஒரு வாரம் அண்ணனும் மாறி மாறி வந்து தங்க முடியுமா என்று பாருங்கள். பரிசோதனை முடிவுகள் வந்ததும், அம்மா போடும் அந்த மாத்திரையின் பெயரையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.